புதுப்பிப்பு: டர்போ போட்ட 1எச்இசட், கம்ப்ரெஷனைக் குறைக்கவில்லை

போன மாதம் கேட்டிருந்தேன்: லேண்ட் குரூசரின் 1எச்இசட் டீசல் எஞ்சினில் டர்போவை (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) தனியாக வாங்கிப் பொருத்தியாயிற்று, 22.4:1 கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) அதற்கு அதிகமாயிற்றே, தடிமனான ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வரும் தகடு) போட்டுக் குறைக்கலாமா என்று.

போடவில்லை. கணக்குப் பார்த்தேன். சிலிண்டருக்கு 694 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் 32 சிசி சொச்சம். கேஸ்கெட்டை 0.3 மி.மீ. தடிமனாக்கினால் கூடுவது 2 சிசிதான். 22.4 என்பது 21.1 ஆகும், அவ்வளவே. இதற்காக ஹெட்டைக் கழற்றுவதா? போதாததற்கு இது ப்ரீ-சேம்பர் எஞ்சின், அதாவது டீசல் முதலில் தனிச் சிற்றறை ஒன்றில் பற்றும் வகை. கம்ப்ரெஷன் குறைந்தால் குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும்.

சிக்கல் டீசல் அளவில் இருந்தது. டர்போ போட்ட கையோடு, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் ஸ்க்ரூவை நானே தாராளமாகத் திருகி வைத்திருந்தேன் (ஆசை!). டர்போவுக்கு முன்னால் புகைக்குழாயில் வெப்பமானி பொருத்தி மலை ஏறினால் முள் 750 டிகிரியைத் தொட்டது. பிஸ்டனைத் தின்பது இந்தச் சூடுதான். ஸ்க்ரூவைக் கால் சுற்றுப் பின்னுக்குத் திருப்பினேன். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) 7 பிஎஸ்ஐ-தான், மாற்றவில்லை. அதே ஏற்றத்தில் இப்போது 620. கரும்புகையும் நின்றுவிட்டது. இழுவை கொஞ்சம் குறைந்தது, சரி.

அப்புறம் இன்டர்கூலர், டர்போவிலிருந்து சூடாக வரும் காற்றைக் குளிர்விக்க. ரேடியேட்டருக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று அளந்துகொண்டிருக்கிறேன்.