புதுப்பிப்பு: அந்த மாடல் கிட் நிறுவனம் மூடப் போகிறதா?

போன வாரம் "மூடப் போகிறார்களாம்" என்று பதறி எழுதியிருந்தேன் அல்லவா, அந்த ஸ்கேல் மாடல் (விமானம் போன்றவற்றின் சிறிய அளவு மாதிரி) நிறுவனம் பற்றி இன்றுவரை உறுதியான அறிவிப்பு எதுவும் வரவில்லை. கிட் (மாடலை ஒட்டிச் செய்வதற்கான பாகங்கள் கொண்ட பெட்டி) கையிருப்பில் இல்லை என்பதை வைத்தே நானும் முடிவு கட்டிவிட்டேன், அவசரம்தான். சரி, மூடினாலும் பாகங்களை வார்க்கும் அச்சுகளை யாராவது வாங்கிவிடுவார்கள்: 2006-இல் ஹம்ப்ரால் நிறுவனம் நொடித்தபோது அதனிடமிருந்த ஏர்ஃபிக்ஸ் என்ற கிட் பிராண்டை ஹார்ன்பி நிறுவனம் வாங்கியது, 2018-இல் ஹாபிகோ நிறுவனம் திவாலானபோது அதனிடமிருந்த ரெவெல் என்ற கிட் பிராண்டும் கைமாறித்தான் பிழைத்தது. என் கவலையெல்லாம் உதிரி பாகமும் டெக்காலும்தான் (மாடல் மேல் ஒட்டும் சின்னம், எழுத்து அச்சிட்ட மெல்லிய படலம்), டெக்கால் பழசாகி மஞ்சளாகிவிட்டால் மாற்று கேட்க ஆள் இருக்காது. அப்புறம், பயத்தில் 1/72 அளவு (அசலில் 72-இல் ஒரு பங்கு) விமான கிட் நான்கு வாங்கி அடுக்கியாயிற்று. ஏற்கெனவே பிரிக்காத பெட்டிகள் அலமாரி நிறைய இருக்கின்றன, வீட்டில் இன்னும் சொல்லவில்லை.