பொங்கலுக்குத் தமிழில் ஒரு பொய் விளையாட்டு: உதவி வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வரும் பொங்கலுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் அப்புச்சி வீட்டில் உறவினர்கள் கூடும்போது, 2014இல் வெளிவந்த ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக் என்னும் கணினி விளையாட்டுத் தொகுப்பிலுள்ள ஃபிபேஜ் போன்ற ஒரு விளையாட்டை நடத்த விரும்புகிறேன். அதில் நம்புவதற்கரிய உண்மைச் செய்தி ஒன்று, ஒரு சொல் விடுபட்டுத் திரையில் தோன்றும். ஒவ்வொருவரும் அவ்விடத்துக்குப் பொருந்தும் பொய்யொன்றைக் கைபேசியில் எழுதி அனுப்ப, அப்பொய்களுக்கு நடுவே உண்மையும் கலந்து காட்டப்படும். உண்மையைக் கண்டுபிடித்தவருக்கும், தம் பொய்யால் பிறரை ஏமாற்றியவருக்கும் மதிப்பெண் உண்டு. படிப்பறிவைவிடக் குறும்பே இங்கு கைகொடுக்கும் என்பதால் அம்மாயியும் பேரனும் சமமாக ஆடலாம். எனக்கு இது பிடித்ததற்கு அதுவே காரணம்.

ஆயினும் அதன் கேள்விகள் ஆங்கிலத்தில் இருப்பதால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பயன்படாது. தமிழில் கேள்விகளை நாமே இட்டு இம்முறையில் ஆடத்தக்க செயலி எதையேனும் பயன்படுத்தியவர்கள் அருள்கூர்ந்து தெரிவியுங்கள்.

கொங்கு நாட்டைப் பற்றிய செய்திகளும் தேவை. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் 1887இல் பிறந்த ஊர் ஈரோடு என்பது போல, உள்ளூர்க்காரரையே தடுமாற வைப்பவையாகவும், சரிபார்க்கத்தக்கவையாகவும், யார் மனத்தையும் புண்படுத்தாதவையாகவும் இருந்தால் மிகவும் மகிழ்வேன்.