ஹோஸ் பிளாஸ்டிசைசரும் கான்கிரீட் பிளாஸ்டிசைசரும் ஒன்றுதானா?

அம்பைக்காரன்:
வாழைக்குப் பாய்ச்சுகிற ஹோஸ் ஒரு கோடைக்கே விறைத்துவிட்டது, மடக்கினால் கீறுகிறது. கடையில் கேட்டால் "பிளாஸ்டிசைசர் வத்திப்போச்சு" என்கிறார்கள். இங்கே வீட்டுக்குத் தளம் போடப்போகிறோம், கொத்தனாரும் பிளாஸ்டிசைசர் ஒரு கேன் கேட்கிறார். இரண்டும் ஒரே சரக்கா? ஹோஸை அதில் ஊறவைத்தால் சரியாகுமா? தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

பைப்கடை:
ஊறவைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு. ஹோஸ் செய்கிற பிவிசி பிளாஸ்டிக் இயல்பிலேயே விறைப்பான பொருள், அதன் நீளமான மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தை (இதுதான் ஹோஸ் பிளாஸ்டிசைசர், தாலேட் வகை, வியாபாரத்தில் டிஓபி என்போம்) சேர்த்துச் சூடாக்கினால் அது இடையில் புகுந்து பிடியைத் தளர்த்தும், அதனால்தான் ஹோஸ் வளைகிறது. எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அதுவாக இருக்கும். ஆனால் பிவிசியோடு ரசாயனமாகப் பிணைவதில்லை, அதனால் வெயிலிலும் டீசல் பட்டாலும் கொஞ்சங் கொஞ்சமாக வெளியேறிவிடும். போனதைத் திரும்ப ஏற்ற முடியாது. வெந்நீரில் போட்டால் இளகும், ஆறியதும் பழையபடிதான். யுபிவிசி குழாயில் அந்த 'யு' பிளாஸ்டிசைசர் சேர்க்காதது என்பதைக் குறிக்கிறது, அதில் வற்ற ஒன்றுமில்லை. வயல்வரை அதைப் புதைத்துவிட்டு, கடைசித் துண்டுக்கு மட்டும் ஹோஸ் மாட்டி, வேலை முடிந்ததும் சுருட்டி நிழலில் போடுங்கள்.

சைட் இன்ஜினியர்:
சிமெண்ட் துகள்கள் தண்ணீர் பட்டதும் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும், நடுவே தண்ணீரும் சிக்கிவிடும். கொத்தனார் கேட்கிற பிளாஸ்டிசைசர் மருந்து துகள்கள்மேல் ஒட்டி அவற்றைப் பிரித்துவிடும், சிக்கிய தண்ணீர் வெளியே வந்து கலவை இளகும். சாதாரண வகையே 5 முதல் 10 சதவீதம் தண்ணீரைக் குறைக்கும். நம் பக்கம் கலவை கெட்டியாக இருந்தால் உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள், தளத்தின் பலம் போவதே அங்கேதான். மருந்தையும் ஊற்றிப் பழைய அளவு தண்ணீரையும் ஊற்றினால் வாங்கியதே வீண். கேனில் போட்டிருக்கிற அளவைத் தாண்டாதீர்கள், இறுக நேரமாகும். கான்கிரீட்டில் சேர்க்கிற மருந்துகளுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 9103 கேனில் இருக்கிறதா பாருங்கள்.

காருகுறிச்சி:
எங்கள் ஊர் மண்பாண்டத்துக்குத் தண்ணீர்தான் அந்த இளக்குகிற வேலையைச் செய்கிறது. குளத்து மண்ணில் தகடு தகடான துகள்கள், நடுவே நீர் நின்றால் வழுக்கும், சக்கரத்தில் இழுத்த இழுப்புக்கு வரும். காய்ந்தால் நனைத்து மறுபடி மிதித்துக்கொள்ளலாம், சூளையில் வெந்தபிறகு முடியாது. அப்புறம், 1870 வாக்கில் அமெரிக்காவில் ஹயாட் என்பவர் செல்லுலாய்டு என்கிற ஆரம்பகால பிளாஸ்டிக்கைச் செய்தபோது இளக்கச் சேர்த்தது கற்பூரம்.

அம்பைக்காரன்:
நன்றி அண்ணாச்சி. கேனில் தயாரித்த தேதி பார்க்க வேண்டுமா?

சைட் இன்ஜினியர்:
கட்டாயம் பாருங்கள். அடியில் படிந்திருக்கும், நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.