ஆபரா இல்லாமல் கலைப்பாடல் கச்சேரியை மட்டும் நம்பலாமா?

கேள்வி (பாரிடோன், அதாவது நடுத்தர ஆண் குரல்): முதல் தனிக்கச்சேரிக்கு ஷூபர்ட்டின் வின்டர்ரைசே பாட்டுத் தொடர் முழுவதையும் பாட ஆசை. தாழ்குரல் பதிப்பை (சுருதி இறக்கி அச்சிட்டது) வாங்கினால் போதுமா? ஆபரா (மேடை இசை நாடகம்) பக்கம் போகாமல், கவிதைக்கு மெட்டமைத்துப் பியானோவோடு பாடும் இந்தக் கலைப்பாடலையே தொழிலாகக் கொள்ள முடியுமா?

பதில் 1: முதல் கச்சேரிக்கு அது வேண்டாம். 24 பாட்டு, இடைவேளை இல்லாமல் 70 நிமிடத்துக்கு மேல் போகும். பாதிக்குப் பின் குரலை விட முதலில் களைப்பது கவனம்தான்; சொற்கள் தடுமாறுவது அங்கேதான். ஷூமானின் டிஷ்டர்லீபே என்ற பாட்டுத் தொடர் 16 பாட்டு, அரை மணி நேரம். அதை இரண்டாம் பாதியில் வையுங்கள். முதல் பாதிக்கு ஒரே கவிஞரின் வரிகளுக்கு வெவ்வேறு இசையமைப்பாளர்கள் மெட்டமைத்தவை எட்டுப் பத்து போதும்.

பதில் 2: பதிப்பு விஷயத்தில் கவனம். பல தாழ்குரல் தொகுப்புகளில் எல்லாப் பாட்டையும் ஒரே அளவு இறக்கியிருக்க மாட்டார்கள். டிஷ்டர்லீபேயின் முதல் பாட்டு முடியாமல், ஏழாம் சுரம் சேர்ந்த கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) தொங்கி நிற்கும். இரண்டாவது அந்தத் தொங்கலிலிருந்துதான் கிளம்பும். ஒன்றை ஒரு சுரமும் மற்றதை இரண்டு சுரமும் இறக்கினால் அந்தக் கண்ணி அறுந்துவிடும். அடுத்தடுத்த பாட்டுகளின் சுருதியை எழுதி வைத்து ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, இறக்கும்போது பியானோவின் இடக்கைக் கார்டுகள் குழம்பி ஒலிக்கும். வாசிப்பவரிடம் ஒலியை நீட்டும் பெடலைக் குறைக்கச் சொல்லுங்கள், மூடியை இறக்கினால் மட்டும் அது தெளியாது.

பதில் 3: கலைப்பாடலை மட்டும் வைத்துப் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. கலைப்பாடலுக்குப் பேர்போன ஜெர்மன் பாரிடோன் ஃபிஷர்-டீஸ்காவே ஆபராவும் பாடினார். ஆபரா வேண்டாமென்றால் ஓரடோரியோ (நடிப்பில்லாமல் கோரஸும் வாத்தியக் குழுவும் சேர்ந்து பாடும் பெரிய படைப்பு) போன்றவைதான் சோறு போடும். ஹேண்டலின் மெசையா, ஹைடனின் 'தி கிரியேஷன்', பாஹின் பாஷன்கள் (ஏசுவின் பாடுகளைச் சொல்பவை), பிராம்ஸின் ஜெர்மன் ரெக்வியம் (இறந்தோர் நினைவிசை) எல்லாம் கையில் இருக்கட்டும். பாட வேண்டிய யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அன்று காலையில்தான் அழைப்பு வரும். ஒப்புக்கொள்ளும் முன் சுருதி 440 ஹெர்ட்ஸா 415 ஹெர்ட்ஸா என்று கேளுங்கள். பழங்கால வகை வாத்தியங்களை வாசிக்கும் குழுக்கள் பலவும் ஏறக்குறைய அரைச் சுரம் கீழே வாசிக்கும், 440-இல் பழகிய தொண்டைக்கு மூச்சு எடுக்கும் இடமே மாறிப்போகும்.

பிராம்ஸின் ரெக்வியத்தில் பாரிடோனுக்கு ஏழில் மூன்றாம், ஆறாம் பகுதிகள் மட்டும்தான். முதல் இரண்டு பகுதிகள் 20 நிமிடத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்ததும் மூன்றாவதைத் தனிக்குரலில் நீங்களே தொடங்க வேண்டும். குளிர்ந்த குரலில் அந்தத் தொடக்கம் சுருதி இறங்கிவிடும். கோரஸ் உரக்கப் பாடும்போது வாயை மூடியபடி மெல்ல முனகிக்கொண்டிருங்கள்.