சங்கத்துக்குச் செயலாளராக வர ஆராவது இருக்கிறீங்களா?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் குறும்படமும் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் செய்கிற நாங்கள் சேர்ந்து ஒரு தொழிற்சங்கம் பதியப்போகிறோம். சட்டப்படி விண்ணப்பத்தில் 7 உறுப்பினர் கையொப்பம் வேணும், அதுக்கு ஆக்கள் இருக்கினம். எங்களுக்காகப் போய்ப் பேசக்கூடிய செயலாளர்தான் இல்லை.

கமரா தெரியத் தேவையில்லை, கடிதம் எழுதத் தெரிய வேணும். படப்பிடிப்பு அனுமதி பிந்துவது பெரும்பாலும் கடிதத்தால்தான். குளக்கட்டுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், காட்டோரத்துக்கு வனத் திணைக்களம், ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை என்று பிரிக்காமல், எல்லாத்தையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கொடுத்தால் அது மேசை மேசையாகச் சுத்தும். ஒவ்வொன்றிலும் திகதி, நேரம், ஆள் தொகை, வாகன இலக்கம் இருக்க வேணும். ட்ரோன் என்றால் அதின்ர நிறையும். கையில் வைக்கிற பிரதியில் திகதி முத்திரை வாங்காவிட்டால், கடிதம் வரவே இல்லை என்று சொன்னால் காட்ட ஒன்றும் இராது.

திரைப்படக் கூட்டுத்தாபனத்தோடு பேசக் கொழும்புக்குப் போகவும் வேணும், அதால சிங்களம் தெரிந்தால் பெரிய உதவி.

கூட்டுறவுச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ கூட்டக் குறிப்பு எழுதிப் பழகிய அக்காமார், அண்ணாமார் இருந்தால் சொல்லுங்கோ. சங்க யாப்பு (விதிகள்) மாதிரி ஒன்று வைத்திருப்பவர்களும் தந்து உதவுங்கோ, முக்கியமாகப் பதவிக்காலமும் கணக்காய்வும் எழுதின பகுதி.