ஹீமோபிலியா உள்ள பதின்வயதுப் பசங்களுக்கு மாதக் கூட்டம்: எப்படி நடத்துவது?

கேள்வி:
எங்கள் மாவட்டத்தில் ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள, 14 முதல் 19 வயது வரையிலான பசங்களைக் கூட்டுகிறோம். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
பெற்றோரை வேறு அறையில் உட்கார வையுங்கள். ஒரு குழுவில் ஏழெட்டுப் பேர் போதும். அதே நோயுள்ள, கொஞ்சம் மூத்த ஒருவர் நடத்தட்டும். “மனம் விட்டுப் பேசுங்க” என்று ஆரம்பித்தால் எல்லோரும் தரையைத்தான் பார்ப்பார்கள். கைக்கு வேலை கொடுங்கள். நர்ஸ் மேற்பார்வையில் ஃபேக்டர் (ரத்தம் உறைய ஊசியாகப் போடும் புரத மருந்து) கலக்கும் பயிற்சி நல்லது. குப்பியைக் குலுக்கினால் நுரை கட்டும், புரதம் கெடும். மெல்லச் சுழற்றித்தான் கரைக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் விளையாட்டு வகுப்பு, ஹாஸ்டல் பயமெல்லாம் தானாக வெளியே வரும்.

பதில் 2:
வாட்ஸ்அப் குழு வைத்தால் டோஸ் பற்றி யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. எடை, ரத்தக்கசிவு எங்கே, இன்ஹிபிட்டர் (ஃபேக்டரை வேலை செய்ய விடாமல் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்) உண்டா என்பதைப் பொறுத்து அது மாறும். தலையில் அடிபட்டால் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனை: முதலில் ஃபேக்டர், பிறகு ஸ்கேன். வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் கூடவே கூடாது. இவற்றைக் குழுவின் மேலே பின் செய்துவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. இடம் ஒரு மண்டபத்தின் மாடியில் கிடைத்திருக்கிறது.

பதில் 1:
மாடி வேண்டாம், தரைத்தளம் கேளுங்கள். மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து பலருக்கு முழங்கால் மடங்காது. பாய் விரிக்காமல் நாற்காலி போடுங்கள்.