பதக்கம் வாங்கிய பிள்ளைக்குத்தான் அரசாங்கப் பணமா?

கேள்வி: மில்காரன் (சுங்கை சிப்புட்)

வணக்கம். நான் செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறவன். மூத்த மகள் படிவம் 2 படிக்கிறாள், 800, 1500 மீட்டர் ஓடுகிறாள். இந்த வருடம் மாவட்டப் போட்டியில் 1500-ல் நான்காவதாக வந்தாள். மாநிலத்துக்கு எடுக்கவில்லை.

முதல் மூன்று பேரும் விடுதிப் பள்ளிப் பிள்ளைகள். பயிற்றுநர் இருக்கிறார், தார்டான் தடம் (ரப்பர் விரித்த ஓட்டத் தடம்) இருக்கிறது. என் மகள் ஓடிப் பழகுவது தோட்டத்துச் செம்மண் சாலையில். குலை ஏற்றிய லோரி வந்தால் நின்று ஒதுங்கி, தூசி அடங்கியதும் மறுபடி ஓடுவாள். ஸ்பைக் காலணி போட்டதே போட்டி அன்றுதான். அதுவும் இரவல், அரை அளவு பெரிசு.

முடிவில் எனக்குக் குறை இல்லை. அந்தப் பிள்ளைகள் வேகமாக ஓடினார்கள், ஜெயித்தார்கள். என் சந்தேகம் வேறு. உதவித்தொகை, பயிற்சி முகாம் எல்லாம் ஜெயித்த பிறகுதான் வருகிறது. ஜெயிப்பதற்கே அதெல்லாம் வேண்டியிருக்கிறது. ஒலிம்பிக் தங்கத்துக்கு 10 லட்சம் ரிங்கிட், வெள்ளிக்கு 3 லட்சம், வெண்கலத்துக்கு 1 லட்சம், அதற்கு மேல் மாதாமாதம் ஓய்வூதியம். கொடுக்கட்டும், உழைத்தவர்கள்தானே. ஆனால் திறமைக்குத்தான் பணம் என்றால், அந்தத் திறமையை எந்த இடத்தில் நின்று அளக்கிறார்கள்?

ஆலை கேண்டீனில் இதைக் கேட்டேன். “நீயும் கோட்டா கேட்கிறாயா?” என்று சிரித்தார்கள். நான் கேட்டது ஒரு ஜோடி காலணியும் வாரத்துக்கு ஒருநாள் சரியான தடமும். இது கோட்டாவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே, இப்போதைக்கு என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில்: எட்டாம்தடம்

அண்ணே, கோபிக்க வேண்டாம். நம் நாட்டு ஓட்டக்காரர் ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 3 தங்கம் வாங்கியபோது தேசிய விளையாட்டு மன்றமே கிடையாது. அதற்கான சட்டம் வந்தது 1971-ல். 1968 மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார், அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. விளையாட்டோடு மருத்துவமும் படித்தார். ஓடுகிறவன் எப்படியும் ஓடுவான். கையில் இருக்கும் பணத்தை ஜெயிக்கிறவனுக்குக் கொடுப்பதுதான் முறை. எல்லாருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு டீ-சட்டைதான் மிஞ்சும்.

பதில்: ஓய்வு வாத்தியார்

எட்டாம்தடம் தம்பி சொன்ன கணக்கையே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த 20.92 எதனால் 49 வருடம் நின்றது? மன்றம் வந்தது, விளையாட்டுப் பள்ளி வந்தது, பணமும் வந்தது. ஆனால் அவ்வளவு காலம் அதை ஒருவரும் தாண்டவில்லை. மேலே இருக்கிறவர்களுக்கு மட்டும் செலவழித்தால் கீழேயிருந்து ஆள் வராது. இதற்கு வேறு காரணங்களும் இருக்கும், ஆனால் இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியிலும் இருந்தேன், பிறகு பட்டணத்து இடைநிலைப்பள்ளியிலும் இருந்தேன். பள்ளிக்கு வரும் தலைவீத மானியம் மாணவர் எண்ணிக்கையை வைத்து வருவது. 60 பிள்ளைகள் உள்ள பள்ளிக்குப் பணமும் குறைவாகத்தான் வரும். ஆனால் திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் செலவு தலையை எண்ணுவதில்லையே. ஈப்போவுக்கு பஸ் வாடகை எட்டுப் பிள்ளைக்கும் அதேதான், நாற்பது பிள்ளைக்கும் அதேதான். பல தோட்டப் பள்ளிகளில் நிலம்கூட தோட்ட நிர்வாகத்துடையது, அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டும்தான் கிடைக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் குலுக்கல் சீட்டு விற்று பஸ்ஸுக்குப் பணம் சேர்க்கும். இதையெல்லாம் தாண்டி வருகிற பிள்ளையும் கீழே ரப்பர் விரித்த தடத்தில் வளர்ந்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். கோடு நேராகத்தான் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

மில்காரர் தம்பிக்கு: படிவம் 2-ல் நான்காவது என்பது சின்ன விஷயம் இல்லை. பள்ளிப் போட்டி ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். மாநிலத் திடல்தட சங்கத்தில் பதிந்த மன்றம் ஏதாவது ஒன்றில் மகளைச் சேர்த்துவிடுங்கள். திறந்த போட்டிகளில் ஓடலாம், அதிகாரபூர்வமான நேரம் கையில் இருக்கும். அந்தத் தாளை வைத்துத்தான் நாளைக்குப் பேச முடியும். புக்கிட் ஜாலில், பண்டார் பெனாவார் விளையாட்டுப் பள்ளிகளில் தேர்வுச் சோதனை வைத்து எடுக்கிறார்கள், அதையும் விசாரியுங்கள். இன்னொன்று, நடைப் போட்டியை யாரும் கண்டுகொள்வதில்லை. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் நம் சரவணன் தங்கம் வாங்கினார். சாலையில் பழகக்கூடிய விளையாட்டு அது. மகளுக்குப் பிடித்தால் மட்டும்.

பதில்: கோலகங்சார் அக்கா

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாடம், அதாவது விளையாட்டு, சங்கம் மாதிரி வகுப்புக்கு வெளியே செய்வது. பள்ளிக்கு ஓடினால் ஒரு புள்ளி, மாவட்டத்துக்கு அதற்கு மேல், மாநிலம், நாடு என்று ஏறிக்கொண்டே போகும். அப்படியென்றால் திடல் இல்லாத பிள்ளை ஓட்டத்தில் மட்டும் பின்தங்குவதில்லை, மூன்று வருடம் கழித்து மேற்படிப்புக்கு இடம் கேட்கும்போதும் அதே காரணத்துக்காகப் புள்ளி இழக்கிறது. அரைப் புள்ளியில் இடம் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். டீ-சட்டை கதை பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

தம்பி, மாவட்டச் சான்றிதழை இப்போதே இரண்டு நகல் எடுத்து வையுங்கள். பள்ளியில் புள்ளியைப் பதிந்துவிட்டார்களா என்று வருடக் கடைசிக்குள் ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்காமல் விட்டால் விட்டதுதான்.

பதில்: எட்டாம்தடம்

அக்கா, புள்ளி விஷயம் நான் யோசிக்காதது. ஆனாலும் பணத்தைக் கீழே கொடுத்தால் நடுவில் எத்தனை கை மாறும் என்று பயமாக இருக்கிறது. பயிற்றுநர் சம்பளமாகக் கொடுத்தால் சரி. மாலை போட்டு மேடையில் கொடுக்கும் காசோலையாக வேண்டாம்.

பதில்: மில்காரன்

எல்லாருக்கும் நன்றி. எட்டாம்தடம் தம்பி, காசோலை விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். சென்ற வருடம் எங்கள் ஊரில் அப்படி ஒரு மேடை போட்டார்கள், பந்தலுக்கே பாதி போயிருக்கும்.

நடைப் போட்டி பற்றி மகளிடம் சொன்னேன். “இடுப்பை ஆட்டி ஆட்டி நடப்பதா? என்னால் முடியாது” என்கிறாள். சரி, ஓடட்டும். சான்றிதழ் நகல் எடுத்தாயிற்று. மன்றம் ஒன்றை ஈப்போவில் விசாரித்திருக்கிறேன், சனிக்கிழமை காலை பயிற்சியாம். எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சனி ஷிப்ட் வருகிறது. சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து வேறு யாராவது பிள்ளையை அழைத்துப் போகிறீர்களா? மாறி மாறி ஓட்டலாம், பெட்ரோல் பாதிப் பாதி. என்னுடையது பழைய புரோட்டான் வீரா, ஏர்கோன் வேலை செய்யாது, நான்கு பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம்.